காலையும் மாலையும் அளந்தபோது தெரிந்தவை: ஒரு செடித்தொட்டியின் நிகழ்வு ஆய்வு

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைத் தாண்டிய புறநகர்ப் பகுதி ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கும் ஒரு நன்னீர்ச் செடித்தொட்டி (மீன்களோடு நீர்ச்செடிகளும் வளரும் கண்ணாடித் தொட்டி) கோடையின் தொடக்கத்தில் எவ்வாறு சீர்கெட்டது, அதன் காரணம் எவ்வாறு கண்டறியப்பட்டது, எந்த வரிசையில் அது மீட்கப்பட்டது என்பதை இக்கட்டுரை பதிவு செய்கிறது. தொட்டி மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும் என்றாலும், மண், மணல், மரக்கட்டை, கற்கள் ஆகியவை அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கழித்தால் உள்ளே நிற்கும் நீர் ஏறக்குறைய 150 லிட்டர்தான். பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் இந்த 150 லிட்டரை வைத்தே போடப்பட்டவை. தொட்டியின் வெளி அளவை வைத்து மருந்தும் உரமும் இடுகிறவர்கள், தங்களை அறியாமலே எப்போதும் கூடுதலாக இட்டுவிடுகிறார்கள்.

தொட்டி அக்டோபரில் அமைக்கப்பட்டது. அடியில் மண்புழு உரம் கலந்த தோட்ட மண் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவும், அதன்மேல் நன்றாக அலசிய பருமணல் ஒன்றரை அங்குலமாகவும் பரப்பப்பட்டிருந்தன. முன்பக்கத்தில் கிரிப்டோகொரைன், நடுவில் மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸும் ஜாவா பெரணியும், பின்பக்கத்தில் வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, ரோட்டாலா, மூலையில் சிவப்பு லுட்விஜியா என்று செடிகள் நிறையவே இருந்தன. நியான் டெட்ராக் கூட்டம் ஒன்றும், பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ ஒன்றும் மீன்கள். வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி, நாளுக்கு 10 மணி நேரம் எரியும் எல்இடி விளக்கு, கரியமில வாயுவுக்காகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்த 2 லிட்டர் புட்டிகள் இரண்டு ஆகியவை சாதனங்கள். பிப்ரவரி முடியும்வரை தொட்டி நன்றாக இருந்தது என்பதற்கு வீட்டார் எடுத்து வைத்திருந்த படங்களே சான்று. வாலிஸ்நேரியா நீர்மட்டத்தைத் தொட்டுப் படர்ந்திருந்தது. ரோட்டாலாவை இரண்டு முறை வெட்டி மறுநடவு செய்திருக்கிறார்கள்.

மார்ச் கடைசியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் தலைகாட்டின. முதலில் அனுபியாஸ் இலைகளின் விளிம்பிலும் மரக்கட்டையிலும் கருமையான, தூரிகை முடிபோன்ற பாசி குஞ்சம் குஞ்சமாக முளைத்தது. அதற்கென்று கடையில் கொடுத்த திரவத்தை ஊற்றிய ஒரு வாரத்துக்குள் வாலிஸ்நேரியா முழுவதும் கூழாகிச் சரிந்தது. ரோட்டாலாவின் தண்டுகள் அடிப்பகுதியில் இலையுதிர்ந்து மொட்டையாயின. கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெண்ணிறப் படிவு கோடுபோல் படிந்தது. ஏப்ரல் நடுவில் மீன்கள் விடியற்காலையில் மேல்மட்டத்தில் வாய்திறந்து மூச்சு வாங்கத் தொடங்கின; டெட்ராக்கள் ஒன்றிரண்டாகச் செத்தன.

வீட்டார் என்னிடம் கேட்டது, இந்தக் கரும்பாசியைக் கொல்ல வேறு எந்த மருந்து நல்லது என்பதுதான். கரும்பாசி இந்தத் தொட்டியின் நோயல்ல, உள்ளே நடந்துகொண்டிருந்த வேறொன்றின் வெளித்தோற்றம் என்பது என் கருத்தாக இருந்தது. ஆகவே மருந்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து நீரை அளப்பதிலிருந்து தொடங்கினோம்.

அளவீடுகள்

முதல் அளவீடு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எடுக்கப்பட்டது. வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ், அம்மோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், நைட்ரைட் இல்லை, நைட்ரேட் 5 மில்லிகிராமுக்கும் கீழே, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.3. நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவான கார்பனேட் கடினத்தன்மை 17 டிகிரி (இதன் அலகுக்கும் டிகிரி என்றே பெயர், வெப்பநிலை அல்ல). வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தனியே அளந்தபோது அதன் கார்பனேட் கடினத்தன்மை 12 டிகிரியாகவே இருந்தது.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உடனே கண்ணில் பட்டன. பாசி வந்ததற்குக் காரணம் தொட்டியில் உரச்சத்து மிகுந்துவிட்டதுதான் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் உரச்சத்தான நைட்ரேட் ஏறக்குறைய இல்லாத தொட்டி இது. செடிகள் பட்டினி கிடந்தன என்பதே சரி. இரண்டாவது, தொட்டியில் ஊற்றுகிற நீரைவிடத் தொட்டி நீர் 5 டிகிரி கூடுதலாகக் கடினமாக இருந்தது. அந்த 5 டிகிரி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

மணலில் சிப்பித் துகள்கள் கலந்திருந்தால் அவை கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். ஒரு கைப்பிடி மணலை எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தோம், நுரைக்கவில்லை. கற்களிலும் அப்படியே. எனவே உள்ளேயிருந்து சுண்ணாம்பு கரையவில்லை என்று உறுதியாயிற்று. விடை நீராவியில் இருந்தது. மார்ச் தொடக்கத்தில் வெக்கை தாங்காமல் மேல்மூடிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாக வாரத்துக்கு 10 லிட்டர்போல ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். செடிகள் நிறைந்த தொட்டிக்கு நீர் மாற்றவே தேவையில்லை என்று எங்கோ கேட்டு, அதே சமயத்தில் வாராந்திர நீர்மாற்றத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். 12 டிகிரி நீர் 10 லிட்டரை 150 லிட்டரில் சேர்த்தால் வாரத்துக்கு 0.8 டிகிரி ஏறும். ஏழு வாரத்துக்கு ஐந்தரை டிகிரி. அதில் ஒரு சிறு பங்கு கண்ணாடியில் வெண்படிவாக ஒதுங்கிவிட்டது. மீதி நீரில் நின்றது. தொட்டி ஒரு சிறிய உப்பளமாக மாறியிருந்தது என்று வீட்டாருக்குச் சொன்னபோது, கணக்கைவிட அந்தச் சொல்தான் அவர்களுக்கு உடனே விளங்கியது. அது மனிதர் குடிக்கத் தகாத நீரும் அல்ல. 17 டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். வேறு நீர் கிடைக்காத இடங்களில் மொத்தக் கடினத்தன்மை 600 வரை இருக்கலாம் என்று இந்தியக் குடிநீர்த் தரநிலை விட்டுக்கொடுக்கிறது. ஆகவே கடினத்தன்மை மட்டும் இந்தத் தொட்டியைச் சாய்த்திருக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விடியற்காலையில் மூச்சுத் திணறலுக்கு மாலை அளவீட்டில் விடை இல்லை. இங்கேதான் வீட்டம்மா சொன்ன ஒரு செய்தி உதவியது. மீன்கள் எல்லா நாளும் திணறுவதில்லை, திங்கள் முதல் புதன்வரைதான் அப்படி மேலே வருகின்றன, வார இறுதியில் காலையில் நன்றாகவே நீந்துகின்றன என்றார். ஈஸ்ட் புட்டிகளை எந்தக் கிழமை புதுப்பிக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை என்று விடை வந்தது.

அடுத்த செவ்வாயன்று காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பி.எச். அளக்கச் சொன்னேன். காலையில் 7.2, மாலையில் 7.9. அந்த வார வெள்ளி மாலையில் மீண்டும் 8.3. கார்பனேட் கடினத்தன்மை தெரிந்தால் பி.எச். அளவிலிருந்து நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவைக் கணக்கிடலாம். கடினத்தன்மை டிகிரியை 3 ஆல் பெருக்கி, அதைப் பி.எச். 7 இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அடுக்குக்குப் பத்தால் பெருக்கவோ வகுக்கவோ வேண்டும். 7க்குக் கீழே என்றால் பெருக்கல், மேலே என்றால் வகுத்தல். அதன்படி செவ்வாய் காலையில் லிட்டருக்கு 32 மில்லிகிராம், அன்று மாலையில் 6 மில்லிகிராம், வெள்ளி மாலையில் இரண்டரை மில்லிகிராம்.

இந்த மூன்று எண்களும் ஒரே வாரத்தில் ஒரே தொட்டியில் எடுக்கப்பட்டவை என்பதில்தான் இந்நிகழ்வின் முழுக் காரணமும் அடங்கியிருக்கிறது.

என்ன நடந்துகொண்டிருந்தது

ஈஸ்ட் புட்டிக்கு அணைக்கும் விசை கிடையாது. செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் பகலிலும், செடி, மீன், மண், வடிகட்டியின் நுண்ணுயிர் எல்லாமே உயிர்வளியை இழுத்துக் கரியமில வாயுவை விடும் இரவிலும் அது ஒரே வேகத்தில் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். டிசம்பரில் அறை வெப்பநிலை குறைவாக இருந்தபோது அந்தப் புட்டிகள் இரண்டு வாரம் நிதானமாக வேலை செய்தன. ஏப்ரல் வெக்கையில் நொதித்தல் வேகமெடுத்து, நான்கு நாளில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. எனவே வாரத்தின் முதல் பாதியில் இரவுதோறும் வாயு குவிந்தது. பிற்பாதியில் அறவே இல்லாமல் போனது. வடிகட்டியின் வெளிவிடும் குழாய் நீருக்கடியில் ஆழத்தில் வைக்கப்பட்டிருந்ததால் மேற்பரப்பில் அசைவே இல்லை. குவிந்த வாயு வெளியேறவும் வழியில்லை, வெளியிலிருந்து உயிர்வளி உள்ளே கரையவும் வழியில்லை.

உயிர்வளியைப் பற்றிய ஒரு பொதுக் கருத்தை இங்கே திருத்திக்கொள்வது நல்லது. வெந்நீரில் உயிர்வளி குறைவு, அதனால் மீன் சாகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் உயிர்வளி நிற்கும். 32 டிகிரியில் 7.3. ஒன்பது பங்கில் ஒரு பங்குதான் குறைகிறது. அது மட்டும் மீனைக் கொல்லாது. அதே வெப்பத்தில் மீனின் தேவையும், மண்ணில் அழுகும் இலையைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் தேவையும் பெருகுவதும், மேற்பரப்பு அசையாததால் செலவான உயிர்வளி இரவு முழுவதும் ஈடுசெய்யப்படாமல் போவதும்தான் விடியலில் நெருக்கடியை உண்டாக்குகின்றன. அதோடு, நீரில் கரியமில வாயு மிகும்போது மீனின் இரத்தம் உயிர்வளியைப் பற்றிக்கொள்ளும் திறனும் குறைகிறது. நல்ல அசைவுள்ள தொட்டியில் 30 மில்லிகிராம் கரியமில வாயுவை மீன்கள் தாங்கும். இந்தத் தொட்டியில் கரியமில வாயுவின் மிகுதியும் உயிர்வளியின் குறைவும் ஒரே நேரத்தில் நேர்ந்தன.

மாலையில் நிலைமை தலைகீழ். பி.எச். உயர உயர, அம்மோனியா அதன் நச்சு வடிவத்துக்கு மாறும் பங்கும் உயர்கிறது. 32 டிகிரியில், பி.எச். 7.2 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே நச்சு வடிவம், பி.எச். 8.3 என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பரிசோதனைக் குழாயில் லேசான பச்சையாகத் தெரிந்த 0.25 மில்லிகிராம், காலையில் பொருட்படுத்தத் தகாத அளவு. மாலையில் செவுள்களை அரிக்கும் அளவு. அந்த அம்மோனியா வந்தது பெரும்பாலும் அழுகிய வாலிஸ்நேரியாவிலிருந்து. ‘திரவக் கார்பன்’ என்றும் பாசிக்கொல்லி என்றும் விற்கப்படும் அந்தத் திரவத்தில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. அனுபியாஸ், கிரிப்டோகொரைன் போன்றவை அதைத் தாங்கினாலும் வாலிஸ்நேரியா தாங்குவதில்லை. தொட்டியிலேயே வேகமாக வளர்ந்து, கடின நீரின் பைகார்பனேட்டைக்கூடப் பயன்படுத்தத் தெரிந்து, அம்மோனியாவை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரே செடி அதுதான். பாசியைக் கொல்லப்போய்ப் பாசியோடு போட்டியிட்ட செடி கொல்லப்பட்டது.

கரும்பாசியைப் பற்றியும் ஒரு சொல். கருமையாகத் தெரிந்தாலும் இது செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. ஒரு குஞ்சத்தைப் பிடுங்கி ஆல்கஹாலில் போட்டால் சிவந்துவிடும் என்பது வளர்ப்பவர்கள் கையாளும் அடையாளச் சோதனை. கரியமில வாயு நிலையில்லாமல் ஏறி இறங்கும் தொட்டிகளிலும், அழுகும் கரிமப் பொருள் மிகுந்த தொட்டிகளிலும் இது தோன்றுவதைச் செடித்தொட்டி வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். மெதுவாக வளரும் அனுபியாஸ் இலைதான் இதற்கு உகந்த இடம். மாதக்கணக்கில் அந்த இலை அங்கேயே நிற்கிறது. விளக்கு 10 மணி நேரம், அதற்கு மேலாக மேற்குச் சன்னல் வழியே மாலை வெயில் என்று ஒளி மிகுந்திருக்க, அந்த ஒளியைப் பயன்படுத்தத் தேவையான வாயுவும் சத்தும் செடிகளுக்கு இல்லாமற்போனதால், மிஞ்சிய ஒளி பாசிக்குப் போயிற்று.

மீட்பு

ஈஸ்ட் புட்டிகளை அந்த வெள்ளி மாலையே கழற்றிவிட்டோம். வெளிவிடும் குழாயை உயர்த்தி நீர்மேற்பரப்பு மெல்ல அலையும்படி வைத்தோம். இரவு பத்திலிருந்து காலை எட்டுவரை டைமர் மூலம் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றும், மின்வெட்டுக்காக மின்கலத்தில் ஓடும் மற்றொன்றும் பொருத்தப்பட்டன. விடியற்காலைத் திணறல் அதோடு நின்றது. இதற்கு முந்தைய வாரங்களில் வாங்கிய எந்த மருந்தும் செய்யாத வேலையை ஒரு குழாயின் உயரம் செய்தது.

விளக்கு எரியும் நேரம் 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை. அழுகிய இலைகள் உறிஞ்சி அகற்றப்பட்டன. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினோம், ஏனெனில் அந்தப் பகுதியில் கோடையில் லாரித் தண்ணீரும் வரும், அதில் சில நாள் குளோரின் நெடி தூக்கலாக இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த நீரில் அதை அலசினால், புதுத் தொட்டி நிலைபெற எடுத்துக்கொள்ளும் நான்கைந்து வாரங்களை மீண்டும் கடக்க நேரும்.

மரக்கட்டையில் இருந்த கரும்பாசிக்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தினோம். மருந்துக் கடைகளில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல் கிடைக்கிறது. சம அளவு நீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, வடிகட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி, ஊசிக்குழல் மூலம் குஞ்சங்களின்மேல் மட்டும் விட வேண்டும். 4 லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் ஒரே நாளில் போகக் கூடாது. அது நீரும் உயிர்வளியுமாகச் சிதைந்துவிடுவதால் தங்கும் நச்சு இல்லை. முற்றிய அனுபியாஸ் இலைகளுக்கு எதுவும் செய்யவில்லை, வெட்டிவிட்டோம். பாசி பிடித்த இலை திரும்பப் பழைய நிலைக்கு வருவதில்லை. புதிய இலை சுத்தமாக வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

நீரை மென்மையாக்குவதில் அவசரம் கூடாது. 17 டிகிரி நீரில் பழகிய மீன்களை ஒரே நாளில் 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் உடலின் உப்புச் சமநிலை குலையும். ஆழ்துளைக் கிணற்று நீர் 40 பங்கும் ஆர்.ஓ. நீர் 60 பங்கும் கலந்தால் கிடைப்பது சுமார் 5 டிகிரி நீர். அதைக் கொண்டு வாரத்துக்கு இருமுறை, தடவைக்கு நீரில் கால் பங்கு என்று மாற்றி வந்தபோது, நான்கு வாரங்களில் தொட்டி 6 டிகிரியை அடைந்தது. ஆவியாதலை ஈடுசெய்ய இப்போது ஆர்.ஓ. நீர் மட்டுமே ஊற்றப்படுகிறது. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீர் வீட்டில் தரை கழுவப் போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாடியில் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைகளில் பிடித்த நீர் ஆர்.ஓ. நீரின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது. மழைநீர்ச் சேகரிப்புக் குழாய்கள் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களில் இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. செடித்தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்றே நான் சொல்வேன்.

கடினத்தன்மை இறங்கியபோது கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்தன. வீட்டார் மிகவும் கலங்கினார்கள். இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட வெண்ட்டி வகை உட்பட, இந்த இனச் செடிகள் நீரின் தன்மை மாறும்போது இலைகளை உதிர்த்துவிட்டு வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும் இயல்புடையவை. பிடுங்கி எறியாமல் விட்டுவைத்ததால், ஜூன் முடிவதற்குள் எல்லாமே துளிர்த்தன.

மே, ஜூன் மாதங்களில் தொட்டிக்குக் கரியமில வாயு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். காற்றிலிருந்து கரைவதும் மண்ணிலிருந்து வருவதுமே இருந்தன. அளவு எப்போதும் சில மில்லிகிராம்தான். ஆனால் அந்தச் சில மில்லிகிராம் காலையும் மாலையும், திங்களும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. அந்த இரண்டு மாதங்களில் புதிய அனுபியாஸ் இலைகளில் கரும்பாசி வரவில்லை. விளக்கு நேரம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் பங்கு பிரிக்க இயலாது. எனினும், ஏறியிறங்கும் மிகுதியைவிட நிலையான குறைவு செடிகளுக்கு நல்லது என்ற முடிவுக்கு நான் வந்ததற்கு இந்த இரண்டு மாதங்கள் வலுவான ஆதாரம். கரியமில வாயு சிலிண்டர் வாங்க வசதியில்லாதவர்கள் ஈஸ்ட் புட்டியை நாடாமல், ஒளியைக் குறைத்து, அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகொரைன், வாலிஸ்நேரியா என்று கரியமில வாயு தனியே தேவைப்படாத செடிகளோடு நிறைவடைவதே, நம் ஊர் வெப்பத்தில், மேலான வழி.

இந்த வீட்டார் ரோட்டாலாவை விட மனமில்லாமல் ஜூலையில் சிலிண்டர் வாங்கினார்கள். மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு டைமரோடு இணைக்கப்பட்டு, விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயு திறக்கிறது. விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுகிறது. 6 டிகிரி நீரில் பி.எச். 6.8 என்றால் கரியமில வாயு 28 மில்லிகிராம். வீட்டாருக்கு அதுவே இலக்கு. கண்ணாடிக் குமிழில் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசலும் நிறங்காட்டியும் இட்டுத் தொங்கவிட்டிருப்பதால், நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம் என்று வீட்டுப் பிள்ளைகளும் பார்த்துச் சொல்கிறார்கள்.

வாயு கிடைத்தவுடன் பசி தெரிந்தது. ஹைக்ரோஃபிலாவின் பழைய இலைகளில் ஊசித்துளைகள் விழுந்தன. அது பொட்டாசியக் குறைவின் அடையாளம். உரக்கடைகளில் 13-0-45 என்று விற்கப்படும் நீரில் கரையும் உரம் பொட்டாசியம் நைட்ரேட்தான். அதில் ஒரு கிராம் இந்தத் தொட்டியில் நைட்ரேட்டை 4 மில்லிகிராம் அளவுக்கும் பொட்டாசியத்தை இரண்டரை மில்லிகிராம் அளவுக்கும் ஏற்றும். வாரத்துக்கு இருமுறை ஒரு கிராம் என்று தொடங்கினோம். உரமிட்டால் பாசி வரும் என்ற அச்சம் வீட்டாருக்கு இருந்தது. நைட்ரேட் 10 மில்லிகிராமுக்கு உயர்ந்த பிறகும் பாசி கூடவில்லை. இரும்புச் சத்துக்கு முன்பு அவர்கள் இட்டுவந்தது ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோடு இணைந்த இரும்பு. பி.எச். 7ஐத் தாண்டிய நீரில் அந்த இணைப்பு நிற்பதில்லை. இரும்பு படிந்து செடிக்குக் கிடைக்காமல் போகும். பழைய 8.3 நீரில் இட்ட இரும்பு முழுவதும் வீண். இப்போதைய நீரில் அதே புட்டி வேலை செய்கிறது.

மீன்கள்

நியான் டெட்ரா குளிர்ந்த, மென்மையான நீருக்கு உரியது. 26 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் வைப்பது அதற்குக் கொடுமை. பிழைத்தவை குளிரூட்டிய அறையில் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்ந்தன. டேங்க் கிளீனர் என்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தி அதற்குள் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, செடிகளை வேரோடு கிளப்பிக்கொண்டிருந்தது. ஓர் அடியைத் தாண்டி வளரும் மீன் அது. மூன்றடித் தொட்டிக்கு அதை விற்பதே தவறு. பெரிய தொட்டி உள்ள இடத்துக்கு அனுப்பினோம். இத்தகைய மீனை ஏரியில் விட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விடப்பட்டவைதான் இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகி மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன. வெட்டிய செடிகளையும் அவ்வாறே நீர்நிலைகளில் கொட்டக் கூடாது. காயவைத்துப் பூந்தொட்டிகளுக்கு உரமாக இடலாம்.

புதிதாக எந்த மீன் என்ற கேள்விக்கு, இந்த வெப்பத்தில் பிறந்து வளர்ந்தவற்றையே நான் பரிந்துரைத்தேன். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததைக் கொண்டு 1831 இல் அறிவியலுக்கு அறிமுகமான கூபானஸ் என்ற சிறு மீன், இரண்டு மூன்று அங்குலமே வளரும், செடிகளுக்கிடையே ஒதுங்கி வாழும், நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். வளர்ப்பவரிடமிருந்து வாங்கிய சில இணைகள் இப்போது தொட்டியில் உள்ளன. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் கேட்டால் வெளிநாட்டு மீன்களே முதலில் காட்டப்படும். நம் சமவெளியின் மீன்களைக் கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால்தான் அவற்றை வளர்த்துத் தருகிறவர்களும் கூடுவார்கள்.

இப்போதைய நிலை

கரும்பாசி முற்றிலும் ஒழியவில்லை. வெளிவிடும் குழாயின் விளிம்பிலும், நீரோட்டம் வேகமாகப் படும் மரக்கட்டையின் ஒரு முனையிலும் அது இன்னும் இருக்கிறது, பரவவில்லை. புதிதாக நட்ட வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுப் பின்பக்கத்தை மூடிவிட்டது. ரோட்டாலா அடிவரை இலையோடு நிற்கிறது. லுட்விஜியா மட்டும் சிவக்காமல் வெளிறியே இருக்கிறது. 6 மணி நேர ஒளியில் அது சிவக்காது, ஒளியைக் கூட்டினால் அனுபியாஸ் பாதிக்கப்படும் என்பதால், அதை எடுத்துவிட்டு அந்த மூலையையும் கிரிப்டோகொரைனுக்கு விடுவது என்று வீட்டார் முடிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த கோடைக்கு மூன்று மாற்றங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. மார்ச் நடுவிலிருந்தே நீர்மேற்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடும். ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும், ஆனால் அதே அசைவு கரியமில வாயுவையும் வெளியேற்றும் என்பதால் சிலிண்டரிலிருந்து வாயு வரும் குமிழி வேகத்தை அப்போது சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். விளக்கு நேரம் பிற்பகலிலிருந்து மாலை ஐந்து முதல் இரவு பதினொன்றுக்கு மாறும். வாயு திறக்கும் மூடும் நேரங்களும், இரவில் ஏர் பம்ப் தொடங்கும் நேரமும் அதை ஒட்டியே நகரும். மூன்றாவது, நிலத்தடி நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை 12 டிகிரியிலேயே நிற்கும் என்று நம்பக் கூடாது. 40க்கு 60 என்ற கலவை அந்த 12க்காகப் போட்ட கணக்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் கிணற்று நீரை மறுபடி அளந்து, எண் மாறியிருந்தால் ஆர்.ஓ. நீரின் பங்கை அதற்கேற்ப உயர்த்துவது என்று தொட்டிக்கு அருகில் தொங்கும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.